நாற்பத்தொரு லியோனிகள்

திருநெறிச் சபை வெள்ளலைப்பட்டினத்தை ஆளத் தொடங்கிய மூன்றாம் ஆண்டில், பாட்டுக்கும், தெருப்பக்கத்து ஜன்னலைத் திறப்பதற்கும், பெண்கள் தனியே கடற்கரைக்குப் போவதற்கும் தடை வந்து எல்லோரும் அதற்குப் பழகியும் போயிருந்த ஒரு சித்திரை மாதத்தில், மகளிர் கல்லூரியின் ஆங்கில இலக்கியத் துறைக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. பி.ஏ. இரண்டாம் ஆண்டுக்குப் பாடமாக இருக்கும் அந்நிய நாட்டு நாவலை விலக்க வேண்டியதில்லை, அதில் கணவனை விட்டுப் போகும் லியோனி என்ற பெண்ணை மட்டும் நீக்கிவிட்டு மீதியைத் தாராளமாக நடத்தலாம் என்று அதில் கண்டிருந்தது. சபை இதைப் பெருந்தன்மை என்றே நினைத்தது.

பேராசிரியை பூங்கோதை சுற்றறிக்கையை இரண்டு முறை படித்து, அதிலிருந்த நான்கு இலக்கணப் பிழைகளைப் பென்சிலால் வட்டமிட்டுவிட்டு, முதல்வரைப் பார்க்கப் போனாள். பத்தொன்பது ஆண்டுகளாக அந்த ஒரே நாவலை நடத்தி வருபவள் அவள். அதன் நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தின் ஒரு வாக்கியத்துக்காக முழுதாக இரண்டு பீரியட் எடுத்துக்கொண்டவள், அதற்காக இன்றுவரை வெட்கப்படாதவள்.

"அந்தப் பொண்ணுதான் மேடம் நாவலே," என்றாள்.

முதல்வர் மேசைமேல் இருந்த கண்ணாடிக் குண்டை உருட்டிக்கொண்டே சொன்னார்: "மீதி என்ன இருக்கோ அதை நடத்துங்க. ரெண்டு மார்க் கேள்விக்கு ஆகும்ல?"

நூலகத்துப் பிரதிகள் நாற்பது, பூங்கோதையின் சொந்தப் பிரதி ஒன்று. சபையின் ஆள் ஒருவர் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க, மூன்று நாள் உட்கார்ந்து பாதி பிளேடால் பக்கம் பக்கமாக வெட்டினாள். ஐந்நூற்றுப் பன்னிரண்டு பக்க நாவலில் மிஞ்சியது முப்பத்தேழு பக்கம்: கொஞ்சம் மூடுபனி, இரண்டு குதிரைகள், ஒரு மாட்டுச் சந்தை, ஒரு பாதிரியாரின் மிக நீண்ட பிரசங்கம். ரெண்டு மார்க் கேள்விக்கு அது போதும் என்பது பிற்பாடு உண்மையாகவே நிரூபணமாயிற்று. வெட்டிய பக்கங்கள் சாக்கில் கட்டப்பட்டுச் சபை அலுவலகத்துக்குப் போயின. பதிவேட்டில் ஒவ்வொரு பிரதிக்கும் நேராக 'நீக்கப்பட்டாள்' என்று எழுதி, பூங்கோதை நாற்பத்தொரு தடவை கையெழுத்துப் போட்டாள்.

நான்காம் நாள் காலை, கல்லூரி மதில்மேல் நாற்பத்தொரு லியோனிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கழுத்துவரை பொத்தான் வைத்த கறுப்புக் கம்பளி உடை, பூட்ஸ், மடியில் கையுறை. எல்லோருக்கும் ஒரே முகம். நாற்பத்தொரு முகத்திலும் சித்திரை வெயிலின் வியர்வை. வாட்ச்மேன் வழக்கம்போல வருகைப் பதிவேட்டை நீட்ட, அவர்கள் ஒருவர்பின் ஒருவராக ஒரே கையெழுத்தில் ஒரே பெயரை எழுதினார்கள். கல்லூரிக்கு எதிர்வீட்டில் இருக்கும் தபால்காரர் மனைவி சிந்தாமணி வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு, "ஐய்யய்யோ, இந்த வேகாத வெயில்ல யாராவது கம்பளி போடுவாங்களா? மொதல்ல மோர் குடுங்கடி," என்று உள்ளே குரல் கொடுத்தாள். அந்த ஊர் இந்த அதிசயத்தைப் பற்றிச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். எப்படி வந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. எங்கே படுக்க வைப்பது என்பதுதான் பேச்சாக இருந்தது.

ஆளுக்கொருத்தியாக அழைத்துப் போனார்கள். முகம் ஒன்றுதான் என்றாலும், எந்தப் பிரதியிலிருந்து வந்தாளோ அந்தப் பிரதியின் சரித்திரம் ஒவ்வொருத்தி உடம்பிலும் இருந்தது. ஒருத்தியின் கன்னத்தில் டீ கிளாஸின் வட்டக் கறை. பக்கங்கள் ஒட்டிப்போன பிரதியிலிருந்து வந்தவள் புதன்கிழமை முழுக்கத் தூங்கினாள். கடினமான சொல்லுக்கு மேலெல்லாம் பென்சிலால் தமிழில் அர்த்தம் எழுதிப் படிப்பது அந்தக் கல்லூரிப் பெண்களின் பழக்கம். அப்படி யாரோ ஒரு பெண் முப்பதாம் பக்கம்வரை எழுதிவிட்டுச் சலித்துப் போய் விட்டுவிட்ட பதினேழாம் எண் பிரதியின் லியோனிக்கு முழங்கைவரை பொடிப்பொடியாகத் தமிழ் எழுத்து, அதற்குமேல் வெறும் தோல். இவர்களுக்கு நடுவில், கழுத்திலிருந்து கணுக்கால்வரை சிவப்பிலும் நீலத்திலும் பென்சிலிலும் அடிக்கோடும் அம்புக்குறியும் குறிப்புமாக இருந்தவளை, விசேஷ வீட்டு வாசலில் குவிந்த செருப்புகளில் தன் ஜோடியைக் கண்டுகொள்வதுபோல ஒரே பார்வையில் கண்டுகொண்டு, பூங்கோதை தன் வீட்டுக்குக் கூட்டிப் போனாள். தனியாக இருப்பவள். இரண்டாவது தலையணை வாங்க வேண்டியிருந்தது.

வெட்டிய பக்கங்களில் உள்ளதைத் தவிர வேறெதுவும் லியோனிகளால் பேச முடியாது. ஆனால் நானூற்றுச் சொச்சம் பக்கம் உள்ளவளுக்கு, ஒரு சின்ன ஊரில் சொல்ல வேண்டியது பெரும்பாலும் அதிலேயே இருந்தது. ஒன்பதாம் அத்தியாயத்தில் வங்கிக்காரரின் திருமண யோசனையை மறுக்கச் சொன்ன ஆங்கில வாக்கியத்தை மீன் கடையில் சொன்னால், மீன்காரி முகத்தைச் சுளித்துக்கொண்டு விலையைக் குறைத்தாள். பூங்கோதையின் லியோனிக்குத் தமிழும் வரும், ஓரக்குறிப்புகளில் உள்ள தமிழ். சாம்பாரில் உப்பு கூடினால் "மிகை" என்பாள். பூங்கோதை கோபத்தில் ஒன்று சொல்லிவிட்டுப் பிறகு வேறொன்று சொன்னால் "முரண், கவனிக்க" என்பாள். பக்கத்து வீட்டு வம்பை யாராவது கொண்டுவந்தால், "தேர்வுக்கு வராது" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வாள். தன் வாக்கியங்களைத் தன்னிடமே திருப்பிச் சொல்லும் ஒருத்தியோடு வாழ்வதில் பூங்கோதைக்கு எரிச்சலும் இருந்தது, பத்தொன்பது ஆண்டுகளில் அறியாத ஒரு சந்தோஷமும் இருந்தது.

சபைக்காரர்கள் லியோனிகளைப் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. லியோனி எதிரே வரும்போதெல்லாம் ரோந்துக்காரர்கள் ஆகாயத்தைப் பார்த்தார்கள். காரணம் எளிது. பதிவேட்டின்படி அவள் நீக்கப்பட்டவள். நீக்கப்பட்டவளைக் கைது செய்தால், நீக்கியது சரியாக நடக்கவில்லை என்று மேலிடத்துக்கு ஒருவர் எழுத வேண்டும், எழுதுபவரை நீக்குவார்கள். ஆகவே பட்டினத்தில் கடற்கரைக்குத் தனியே போகக்கூடிய பெண்கள் லியோனிகள் மட்டுமே என்றாயிற்று. பிறகு, லியோனிக்குத் துணை என்று சொல்லிக்கொண்டு சிந்தாமணி போனாள். சிந்தாமணிக்குத் துணை என்று அவள் நாத்தனார் போனாள். லியோனிக்குக் காற்று வேண்டுமாம் என்று தெருப்பக்கத்து ஜன்னல்கள் திறந்தன. லியோனிக்குத் தூக்கம் வரவில்லையாம் என்று ஒரு வீட்டில் மெதுவாகப் பாடினார்கள். ஆடி மாதத்துக்குள், கல்லூரிப் பெண்கள் புத்தகத்தில் இல்லாத பக்கங்களைக் கூடத்தில் உட்கார்ந்து லியோனியின் வாயிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார்கள், வகுப்பில் ஒருபோதும் கேள்வி கேட்காத பெண்கள், வெங்காயம் உரித்துக்கொண்டே, "அப்ப அவன் என்ன சொன்னான்?" என்று கேட்டார்கள்.

ஆனால் லியோனிகள் நாவலின் காலண்டர்படி வாழ்ந்தார்கள். கோடை அத்தியாயங்களில் சிரித்தவர்கள் இலையுதிர் கால அத்தியாயங்களில் சிடுசிடுத்தார்கள், மார்கழியில் சாப்பாட்டைக் குறைத்தார்கள், தையில் நாற்பத்தொரு பேரும் நாற்பத்தொரு வீட்டு ஜன்னல்களில் நின்று தண்ணீர் இருக்கும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கல்லூரிக்குப் பின்னால் இருக்கும் உப்பங்கழியின்மேல் அதிகாலையில் பாலாடைபோல ஒரு பனிக்கட்டி படிய ஆரம்பித்தது. மீனவர்கள் துடுப்பால் அதை உடைத்து மீன் பெட்டிகளுக்குப் போட்டுக்கொண்டார்கள். ஐஸ் ஃபேக்டரிக்காரர் மட்டும் புகார் எழுதினார்.

ஊர் கவலைப்படவில்லை. ஏனென்றால் ஊர் கைடு படித்திருந்தது. அந்தக் கல்லூரியில் நாவலைப் படித்தவர்கள் குறைவு, கைடைப் படித்தவர்கள் எல்லோரும். கைடில் கடைசி வரி இது: 'இறுதியில் லியோனி தன் தவற்றை உணர்ந்து கணவனிடம் திரும்பி இன்பமாக வாழ்கிறாள்.' கைடு எழுதிய டியூட்டோரியல் ஆசிரியர் முப்பதாம் அத்தியாயத்தைத் தாண்டவில்லை என்பது பூங்கோதைக்குத் தெரியும். வெட்டியவளும் அவளே, எழுத்தெழுத்தாகப் படித்தவளும் அவளே. கடைசி அத்தியாயத்தில், பிப்ரவரி மாதத்தின் மூன்றாம் வியாழக்கிழமை நண்பகலில், லியோனி பாதி உறைந்த ஏரியின்மேல் நடந்து போகிறாள். திரும்பி வருவதில்லை.

இதை அவள் எந்த வகுப்பிலும் சொன்னதில்லை. பத்தொன்பது ஆண்டும் அந்த அத்தியாயத்துக்கு முன்னால் புத்தகத்தை மூடி, நேரமில்லை, போர்ஷன் அவ்வளவுதான் என்றே முடித்திருந்தாள். அந்தப் பதினொரு பக்கத்தை வாய்விட்டுப் படித்தால் அவளுக்குக் குரல் உடையும். அறுபது பெண்களுக்கு முன்னால் ஆசிரியையின் குரல் உடைவது அநாகரிகம் என்பது அவள் கொள்கை. அதனால் பட்டினத்துப் பெண்கள் பத்தொன்பது தலைமுறையாகக் கைடை நம்பிப் பாஸ் செய்திருந்தார்கள். இப்போது சிந்தாமணி தன் வீட்டு லியோனிக்காக வளையல் வாங்கிவைத்திருந்தாள். "புருசன் கப்பல்ல வருவாராக்கும் டீச்சரம்மா? பட்டு எடுக்கவா, பருத்தி போதுமா? அவங்க ஊர் குளிருக்குப் பட்டுதான் சரி," என்றாள். பூங்கோதை வாயைத் திறந்தாள். பிறகு, "பருத்தி போதும்," என்றாள்.

பிப்ரவரி முதல் வாரத்தில் சபையின் நூல் தணிக்கையாளர் தவசீலன் அவள் வீட்டுக்கு வந்தார். சபை வருவதற்குமுன் ஆண்கள் கல்லூரியில் இதே நாவலை நடத்தியவர். பிளேடால் வெட்டும்போது எதிரே உட்கார்ந்திருந்தவரும் அவரே. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, ஜன்னலருகே நின்ற லியோனியின் முழங்கையில் இருந்த ஒரு சிவப்புக் குறிப்பைக் கண்ணாடியைத் தூக்கிப் படித்தார்.

"இதை நான் ஒத்துக்க மாட்டேன் மேடம். அந்த மூடுபனி குறியீடு இல்லை. வெறும் மூடுபனிதான்."

"அதைச் சொல்லத்தான் வந்தீங்களா சார்?"

அவர் உட்கார்ந்தார். "எங்க வீட்டிலயும் ஒண்ணு இருக்கு."

"ஒண்ணுன்னு சொல்லாதீங்க."

"சரி. ஒருத்தி. என் மனைவிக்குக் கூடப்பிறந்தவ மாதிரி. மூணு நாளா சோத்தைத் தொடலை." ஜன்னலருகே நின்றவளை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "மூணாம் வியாழக்கிழமை என்ன ஆகும்னு இந்த ஊர்ல உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும்."

பிறகு அவர் சொன்னதன் சாரம் இது. சாக்கிலிருந்து தன் வீட்டு லியோனியின் பிரதியை எடுத்து, ஒரு பக்கத்தில் 'தேநீர்' என்று இருந்ததை அடித்துவிட்டு 'காப்பி' என்று எழுதிப் பார்த்திருக்கிறார். மறுநாள் காலை அவள் காப்பி கேட்டாள். ஆகவே கடைசி அத்தியாயத்தை மாற்றி எழுதி, சபையின் அச்சகத்தில் அடித்து, நாற்பத்தொரு பிரதியிலும் சேர்த்துக் கட்டினால், அவர்கள் பிழைப்பார்கள். எழுத்தில் எதுவும் வைக்காமல் சபையிடம் பேசிவிட்டார். சபைக்குச் சம்மதம். முடிவு கைடில் உள்ளபடி இருக்க வேண்டும்: அவள் மண்டியிட வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும், திரும்பிப் போக வேண்டும்.

"நீங்களே எழுதலாமே."

"எழுதிப் பார்த்தேன். சுற்றறிக்கை மாதிரி வருது. நடை ஒட்டலைன்னா பக்கம் ஒட்டாது மேடம். அந்த நடை உங்களுக்குத்தான் வரும்."

பூங்கோதை பேரம் பேசிப் பார்த்தாள். "கப்பல்ல ஏறி வேற எங்கேயாவது போயிட்டான்னு எழுதறேன். மன்னிப்பு வேண்டாம். மண்டி போட வேண்டாம். வெறுமனே உயிரோட இருக்கட்டும் சார்."

"வெறுமனே உயிரோட இருக்க யாருக்கும் அனுமதி இல்லை மேடம்," என்றார் தவசீலன். அதில் கேலி எதுவும் இல்லை. நடையைப் பார்த்துக்கொள்ள மூலத்தின் பதினொரு பக்கத்தை மேசைமேல் வைத்துவிட்டு, முடித்ததும் இதையும் சேர்த்துத் திருப்பித் தர வேண்டும் என்று சொல்லிப் போனார்.

ஒரு எழுத்தாளர் எழுதியதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற எவனுக்கும் உரிமையில்லை என்று ஆண்டுதோறும் முதல் வகுப்பில் கரும்பலகையைத் தட்டிச் சொன்னவள், இரண்டு நாள் அந்தப் பக்கங்களைத் தொடவில்லை. மூன்றாம் நாள், லியோனியை எதிரே உட்கார வைத்து, தன் பணிக்காலத்தில் முதன்முறையாக, கடைசி அத்தியாயத்தை அவளுக்குப் பாடம் நடத்தினாள். குரல் உடைந்தது. உடைந்தபடியே நடத்தினாள். பிறகு கைடில் இருக்கும் முடிவையும் சொன்னாள். "எது வேணும்? நீயே சொல்லு. உன் கதை."

லியோனி தன் உள்ளங்கையை விரித்து, அதில் எதையோ தேடுவதுபோல நெடுநேரம் பார்த்தாள். பிறகு, மணிக்கட்டுக்கு அருகே நீல மையில் பூங்கோதையே என்றோ எழுதிவைத்திருந்த ஒரு குறிப்பைப் படித்தாள்: "இங்கே ஆசிரியர் தயங்குகிறார்."

அது சம்மதமா, மறுப்பா, அல்லது தன்னைப் பற்றிய வெறும் கவனிப்பா என்று பூங்கோதைக்குத் தெரியவில்லை. மாணவிகள் தலையை எந்தப் பக்கம் ஆட்டினாலும் புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு அடுத்த பத்திக்குப் போய்ப் பழகியவள். சம்மதம் என்றே எடுத்துக்கொண்டாள். அந்த முகம் ஜன்னலில் இல்லாத வீட்டை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை, உண்மை அவ்வளவுதான்.

ஐந்து நாளில் எழுதி முடித்தாள். மூல ஆசிரியர் எங்கே மூச்சு வாங்குவாரோ அங்கே மூச்சு வாங்கி, எங்கே வேண்டுமென்றே ஒரு சாதாரணச் சொல்லைப் போட்டு வாக்கியத்தின் கழுத்தை நெரிப்பாரோ அங்கே நெரித்து, எழுத எழுத அவளுக்கே வெட்கமாகும்படி நன்றாக வந்தது. பதினொரு பக்கம், ஒரு வரி கூடவில்லை, குறையவில்லை. மூலத்தையும் சேர்த்துத் தவசீலனிடம் கொடுத்தாள். பிரதி எடுத்துவைத்துக்கொள்ளவில்லை. பத்தொன்பது ஆண்டு தனக்குள் சுமந்த பக்கங்கள், எங்கே போய்விடும் என்று நினைத்தாள். சபை அலுவலகத்துக் கொல்லையில் அன்று மாலையே நாற்பத்தொரு கடைசி அத்தியாயங்களையும் எரித்தார்கள்.

மூன்றாம் வியாழக்கிழமை, உச்சிப்பொழுதில், ஊர் முழுக்கக் கழிக்கரையில் இருந்தது. தாம்பாளம், வளையல், பருத்திப் புடவை, கப்பலில் சாப்பிடக் கட்டுச்சோறு. கழி கரையிலிருந்து கரைவரை வெள்ளையாக உறைந்திருந்தது. லியோனிகள் கறுப்புக் கம்பளியை மறுபடி உடுத்திக்கொண்டு நாற்பத்தொரு வீடுகளிலிருந்தும் வந்து, விளிம்பில் ஒரே வரிசையாக நின்று, வலது காலைப் பனிக்கட்டியின்மேல் வைத்தார்கள். பூங்கோதைக்கு ஒரு கணம் தான் எழுதியது ஒட்டவில்லை என்று தோன்றியது. அந்த ஒரு கணத்தில் தனக்குள் எழுந்தது பயம் மட்டும்தான் என்று அவளால் பிற்பாடு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பிறகு நாற்பத்தொரு கால்களும் பின்வாங்கின. நாற்பத்தொரு பேரும் திரும்பி, ஈர மணலில் மண்டியிட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் பனிக்கட்டி சத்தமில்லாமல் தண்ணீராயிற்று.

ஊர் ஓவென்று கைதட்டியது. "கைடில போட்டிருந்த மாதிரியே!" என்றார்கள். சிந்தாமணி மூக்கைச் சிந்திக்கொண்டே வந்து, "நல்லபடியா முடிஞ்சுது டீச்சரம்மா. எனக்குத்தான் ஏன்னே தெரியலை, அழுகை அழுகையா வருது," என்றாள்.

பதிவேட்டில் நீக்கப்பட்டவள் லியோனி மட்டுமே என்பதால் நாவலின் கணவன் வரவில்லை. சபை தன் பழைய கிடங்கொன்றை வெள்ளையடித்து, 'இல்லம்' என்று பெயர்ப்பலகை மாட்டியது. லியோனிகள் சாம்பல் நிற உடையைத் தாங்களே கேட்டு வாங்கிக்கொண்டு அங்கே போனார்கள். பூங்கோதையின் லியோனி போகும்போது தயங்கவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை. நன்றி என்று ஒழுங்காக ஆங்கிலத்தில் சொன்னாள். புதிய பக்கங்களில் ஓரக்குறிப்பு எதுவும் கிடையாது. வாசல் தாண்டும்போதே அவள் கழுத்திலிருந்த நீல மை வெளுத்துக்கொண்டிருந்தது. லியோனிகள் கடற்கரைக்குப் போகாததால் அவர்களுக்குத் துணையாகவும் யாரும் போக முடியவில்லை. காற்று கேட்க ஆளில்லாத ஜன்னல்கள் ஒவ்வொன்றாக மூடின. எந்தச் சட்டமும் புதிதாக வரவில்லை. வெறுமனே பழையது திரும்பியது, அவ்வளவுதான். ஊர் அதற்கும் பழகிற்று.

வெயில் ஏறத் தொடங்கிய பங்குனியில் ஒருநாள், பூங்கோதைக்கு மூலத்தின் கடைசி வாக்கியம் நினைவில் வரவில்லை. தன் வாக்கியம்தான் வந்தது. அதைத் தள்ளிவிட்டுத் தேடினாள், இன்னும் தெளிவாக அதுவே வந்தது. முந்தைய பத்தியைப் பிடித்துப் போகலாம் என்று பார்த்தாள். அந்தப் பத்தியும் தன்னுடையதாகவே இருந்தது. ஏரி இருந்தது என்று தெரியும். அவள் நடந்தாள் என்று தெரியும். எந்தச் சொற்களில் என்பதுதான் இல்லை. தவசீலனிடம் ஓடினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "நானும்தான் மேடம் தேடிட்டிருக்கேன். எனக்கும் உங்களோடதுதான் வருது. ரொம்ப நல்லா எழுதிட்டீங்க," என்றார்.

பார்வையாளர் நாளில் இல்லத்துக்குப் போனாள். நாற்பத்தொரு சாம்பல் உடைகள் நீளமான கூடத்தில் உட்கார்ந்து துணிக்கு விளிம்பு தைத்துக்கொண்டிருந்தன. டீக்கறை இல்லை, பென்சில் இல்லை, சிவப்பு மை இல்லை.

"எந்த லியோனிம்மா?" என்றாள் வார்டன்.

பூங்கோதை வரிசையை முதலிலிருந்து கடைசிவரை பார்த்தாள். மறுபடி கடைசியிலிருந்து முதல்வரை பார்த்தாள். "யாராயிருந்தாலும் சரி," என்றாள்.

வந்தவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு நின்றாள். பூங்கோதை கேட்டாள்: "கடைசி வாக்கியம். ஞாபகமிருக்கா? நான் எழுதினதுக்கு முன்னால இருந்தது."

லியோனி கைகளைக் கட்டிக்கொண்டு, தங்குதடையில்லாமல், பூங்கோதையின் வாக்கியத்தைச் சொன்னாள். பூங்கோதை அதில் ஒரு தவறு கிடைக்காதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். ஒரு பிசிறு, பிறர் கை பட்ட ஒரு தடயம், இது அசல் இல்லை என்று காட்டும் ஏதாவது ஒரு சொல். கிடைக்கவில்லை.

"சொன்னது சரிதானா?" என்று லியோனி கேட்டாள். அதுவும் ஐந்நூற்றுப் பத்தாம் பக்கத்தில், ஜெபத்தை ஒப்பித்துவிட்டுப் பாதிரியாரிடம் கேட்பதற்காக, சபைக்குப் பிடிக்கும் என்று பூங்கோதை எழுதிக்கொடுத்த வசனம்தான்.

கூடத்தில் நாற்பது ஊசிகளும் நின்று பூங்கோதைக்காகக் காத்திருந்தன.

"சரிதான்," என்றாள். "உட்காரு."